கைவிடப்பட்ட இயக்கிகளின் கதை

1980ஆம் ஆண்டையொட்டி அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் நிகழ்ந்த ஒரு சிறு நிகழ்ச்சி, கணினி வரலாற்றில் அடிக்கடி எடுத்துக் கூறப்படுவதாகும். அக்கழகத்தின் செயற்கை அறிவாய்வுக் கூடத்திற்கு ஸெராக்ஸ் நிறுவனம் புதிய அச்சுப்பொறி ஒன்றை வழங்கியிருந்தது. விரைந்து அச்சிடும் நல்ல பொறிதான். ஆயினும் அதில் அடிக்கடி தாள் சிக்கிக்கொள்ளும். பொறி ஓரிடத்திலும் அதனைப் பயன்படுத்துவோர் வேறிடத்திலும் இருந்தமையால், தாள் சிக்கியது தெரியாமலே பலர் காத்துக் கிடந்தனர். அங்குப் பணியாற்றிய ரிச்சர்டு ஸ்டால்மன் என்பார், முன்பிருந்த பழைய பொறியின் நிரலைத் திருத்தி, தாள் சிக்கியவுடன் உரியவர்க்குச் செய்தி சென்று சேருமாறு செய்திருந்தார். புதிய பொறிக்கும் அவ்வாறே செய்ய விரும்பினார். அதன் மூலநிரல் அவருக்குக் கிடைக்கவில்லை. அதனை வைத்திருந்த வேறொரு பல்கலைக்கழகத்து ஆய்வாளரை நேரிற்சென்று கேட்டார். பிறர்க்குக் கொடுப்பதில்லை என்று வாக்களித்திருப்பதாகக் கூறி அவர் மறுத்துவிட்டார்.

1983ஆம் ஆண்டில் ஸ்டால்மன் அறிவித்த ‘குனூ’ திட்டத்திற்கு இம்மறுப்பும் ஒரு தூண்டுதலாயிற்று. அந்த அச்சுப்பொறிக்கு வேண்டியிருந்த நிரலின் வகையைத்தான் கணினித் துறையினர் ‘டிரைவர்’ என்றும், தமிழில் ‘இயக்கி’ என்றும் வழங்குவர். பழங்காலத் துறைமுகப்பட்டினங்களில் துபாசி என்றொருவர் இருந்தார். கப்பலில் வந்த வணிகனுடைய மொழியையும் கரையிலிருந்தோர் மொழியையும் அறிந்தவர் அவர். துபாசி இல்லையேல் இரு சாராரும் எதிரெதிரே நின்றும் வாணிபம் நடவாது. கணினியின் உள்ளமைப்புக்கும் அதனோடு இணைந்த கருவிக்கும் இடையே நிற்கும் இயக்கி, அத்தகைய துபாசியே ஆகும். கருவி எத்துணை உறுதியாக இருப்பினும், இயக்கி இறந்துபட்டால் அது வெறும் தகடு. இவ்வுண்மை மிகக் கடுமையாக வெளிப்படும் இடம், திரையில் உருவங்களைத் தீட்டித்தரும் வரைகலை அட்டையாகும். கணினியில் உள்ள கருவிகளுள் அதன் இயக்கிதான் அளவில் பெரியது, சிக்கல் மிகுந்தது, உற்பத்தியாளர்களால் பெரிதும் மறைத்து வைக்கப்பட்டதும் அதுவே.

லினக்ஸ் தோன்றிய வரலாறு மாணவர் பலர் அறிந்ததே. ஃபின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ், 1991ஆம் ஆண்டில் தம் சொந்தக் கணினிக்கென எழுதத் தொடங்கியதை உலகோர்க்கு அறிவித்தார். 1992இல் அதனைக் குனூ பொது உரிமத்தின்கீழ்க் கொணர்ந்தார். யாரும் படிக்கலாம், திருத்தலாம், திருத்தியதைப் பிறர்க்கு வழங்கலாம் என்பது அவ்வுரிமத்தின் சாரம். ‘கெர்னல்’ எனப்படும் அதன் கருவகத்தைப் பேணுவோர் இரண்டு நெறிகளைக் கைக்கொண்டனர். கருவகத்தின் மேல் இயங்கும் பயன்பாட்டு மென்பொருள்கள் பழுதுபடுமாறு எம்மாற்றமும் செய்யலாகாது என்பது ஒன்று. கருவகத்தின் உள்ளமைப்பையோ எப்போது வேண்டுமாயினும் மாற்றலாம் என்பது மற்றொன்று. இவ்விரண்டாம் நெறிதான் இவ்வரலாற்றின் திருகாணி. கூட்டுக் குடும்பமொன்று வாழும் வீட்டில் சுவரை இடித்து அறைகளை மாற்றும்போது, வீட்டுக்குள் இருப்போர் அனைவர்க்கும் புதிய இடம் வகுத்துக் கொடுக்கப்படும். வெளியே குடியிருந்துகொண்டு பழைய சாவியோடு வந்துபோகிறவர், ஒருநாள் வந்து பார்க்கையில் கதவே இருந்த இடத்தில் இராது. கருவகத்தோடு சேர்த்து வைக்கப்பட்ட இயக்கிகளை, மாற்றத்தைச் செய்கிறவர்களே திருத்திவிடுவர். வெளியிலிருந்து வரும் இயக்கிகளின் நிலை அதுவன்று.

அவ்வாறு வெளியிலிருந்து வந்தவற்றுள் தலையாயது என்விடியா நிறுவனத்தின் இயக்கி. 1993ஆம் ஆண்டில் கலிஃபோர்னியாவில் தொடங்கப்பெற்ற அந்நிறுவனம், 2000ஆம் ஆண்டையொட்டி லினக்ஸிற்கெனத் தன் சொந்த இயக்கியை வெளியிட்டது. அது இரண்டு கூறுகளால் ஆனது. கருவகத்தைத் தொடும் மேலோடு மட்டும் படிக்கத்தக்க மூலநிரலாகத் தரப்பட்டது. உள்ளே இருந்த பெரும்பகுதி, எவரும் படித்தறியவொண்ணாத எந்திர நிரலாகவே வந்தது. தேங்காயின் மட்டையை உரிக்க இசைவு உண்டு, ஓட்டை உடைக்க இசைவு இல்லை என்பது போன்ற ஏற்பாடு இது. இயக்கியின் திறத்தைக் குறை கூறுவதற்கில்லை. லினக்ஸில் முப்பரிமாணக் காட்சிகளை விண்டோஸுக்கு ஏறத்தாழ நிகராகக் காட்டிய இயக்கி, நெடுங்காலம் அது ஒன்றே எனலாம். பலரும் அதனை நாடியதில் வியப்பில்லை. 2012ஆம் ஆண்டில் ஃபின்லாந்தின் ஆல்ட்டோ பல்கலைக்கழகத்து மேடையில், அந்நிறுவனத்தின் ஒத்துழையாமையை டோர்வால்ட்ஸ் பெயர் சுட்டிக் கண்டித்தார். அன்று அவர் கூறிய சொல் அச்சேற்றத்தக்கதன்று.

கருவிகள் முதுமையடையும், நிறுவனத்தின் அக்கறை புதியவற்றின்மேற் செல்லும். ஆகவே என்விடியா தன் பழைய அட்டைகளைத் தலைமுறை தலைமுறையாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் இயக்கிக் கிளையை ஒதுக்கி, குறிப்பிட்ட காலம்வரை திருத்தங்கள் தந்து, பின்னர் நிறுத்தியது. 304 என்னும் எண்ணுடைய கிளை 2017இலும், 340 என்பது 2019இலும், 390 என்பது 2022இலும், 470 என்பது 2024இலும் முடிவெய்தின. நிறுவனத்தின்பால் முழுப்பழியையும் சுமத்துதல் முறையாகாது. 340ஆம் கிளை தாங்கிய அட்டைகளுள் முதலாவது 2006ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்தது. பதின்மூன்று ஆண்டுகள் ஒரு பொருளுக்குத் துணை நிற்றல் வணிக உலகில் எளிதில் காணக்கிடைப்பதன்று. ஆனால் பொருளோ பதின்மூன்று ஆண்டுகளில் அழிந்துவிடவில்லை. 2008 முதல் 2010 வரை விற்பனையான ஆப்பிள் நிறுவனத்து மடிக்கணினிகள் பலவற்றில் என்விடியாவின் அவ்வகைச் சில்லுகளே இருந்தன. ஆப்பிள் தன் இயங்குதளத்தின் புதிய பதிப்புகளை அவற்றிற்கு வழங்காது நிறுத்திய பின்னர், லினக்ஸை நிறுவி அவற்றிற்கு மறுவாழ்வு தர முயன்றோர் பலர். அவர்கள் வந்து முட்டிக்கொண்ட சுவர் இந்த 340ஆம் கிளைதான்.

அதன் கடைசி வெளியீடாகிய 340.108, 2019ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் வந்தது. 2020 மார்ச்சில் கருவகத்தின் 5.6ஆம் பதிப்பு வெளியாயிற்று. இடையே கழிந்தவை மூன்றே திங்கள்! அப்பதிப்பில் செய்யப்பட்ட மாற்றங்களுள் ஒன்று குறிப்பிடத்தக்கது. பழைய கணினிகள் காலத்தை 32 துண்டு எண்ணாற் கணக்கிட்டு வந்தன. அவ்வெண் 2038ஆம் ஆண்டு ஜனவரியில் நிரம்பி வழிந்துவிடும். இவ்விடரைத் தவிர்க்கும்பொருட்டுக் கருவகத்துக்குள் பழைய காலக் கணக்கு முறைகள் அனைத்தும் அப்போது களையப்பட்டன. அதனோடு நினைவகத்தை அணுகும் பழைய செயற்கூறு ஒன்றும் நீக்கப்பட்டது. கருவகம் தன் நிலையை வெளியோர்க்குக் காட்டும் கோப்புகளின் கட்டமைப்பும் மாறிற்று. யாவும் தேவையான சீர்திருத்தங்களே. எனினும் மூன்று திங்கள் மட்டுமே அகவையுடைய 340.108, புதிய கருவகத்தோடு சேர்த்துக் கட்டுங்கால் பிழை காட்டி நின்றுவிட்டது. அதனைத் திருத்தித் தரும் கடமை நிறுவனத்திற்கு இனி இல்லை.

இவ்விடத்தில்தான் தன்னார்வலர்கள் வருகின்றனர். மேலோடு மூலநிரலாக இருந்தமையால், மாறிய செயற்கூறுகளின் பெயர்களையும் கட்டமைப்புகளையும் அவர்கள் ஒவ்வொன்றாகத் தேடித் திருத்தினர். திருத்தத்தைச் சிறு ஒட்டாக எழுதி எல்லோர்க்கும் வழங்கினர். அடுத்த கருவகம் வந்தது, இன்னோர் ஒட்டு. அதற்கடுத்தது வந்தது, மற்றுமோர் ஒட்டு. ஆண்டுதோறும் ஐந்தாறு கருவகங்கள் வெளிவருவது வழக்கம். கந்தலை ஒட்டுப்போட்டு உடுத்துவது போன்ற வேலைதான், புகழில்லை, ஊதியமில்லை. ஆயினும் நிறுவனம் கைகழுவிய பின்னும் பல ஆண்டுகள் அவ்வியக்கி புதிய கருவகங்களின்மேல் இயங்கியது இவ்வொட்டுகளால்தான்.

304ஆம் கிளையின் கதி வேறாயிற்று. லினக்ஸில் சாளரங்களைக் காட்டும் பழைய அமைப்பு ‘எக்ஸ்’ எனப்படும். 2018ஆம் ஆண்டில் அதன் 1.20ஆம் பதிப்பு வெளியானபோது, இயக்கிகளோடு அது உரையாடும் முறை மாறிற்று. 304ஆம் இயக்கியில் எக்ஸோடு உரையாடும் பகுதி மேலோட்டில் இல்லை. உள்ளே, எந்திர நிரலில் பூட்டிக் கிடந்தது. கருவகத்தின் மாற்றங்களை ஒட்டுப்போட்டுச் சமாளித்த அதே திறமையாளர்கள் இங்குச் செய்வதற்கு ஒன்றுமில்லை. அட்டையைக் காக்க விரும்பியோர், எக்ஸின் 1.19ஆம் பதிப்பை மேலேறவிடாது கட்டிவைத்துக்கொள்ள நேர்ந்தது. ஓர் அட்டைக்காகக் கணினியின் சாளர அமைப்பு முழுவதுமே பழமையிற் கிடந்தது. அதன் பாதுகாப்புக் குறைகளும் உடன் கிடந்தன. திறமை, ஆர்வம், உழைப்பு ஆகிய மூன்றும் அவ்விரு கிளைகளுக்கும் ஒருங்கே இருந்தன. எவ்வளவு மூலநிரல் வெளியே விடப்பட்டிருந்தது என்பதுதான் ஒன்றை வாழவும் மற்றொன்றை மாளவும் செய்தது.

ஒட்டுகளை எழுதினாற் போதாது. அவற்றைப் பயனரிடம் கொண்டு சேர்க்கவும் வேண்டும். லினக்ஸ் உலகில் மென்பொருள்கள் ‘பொதிகள்’ என்ற வடிவில் வழங்கப்படுகின்றன. வெளியீட்டமைப்புகள் தம் பெயராற் பொறுப்பேற்று வழங்கும் பொதிகள் ஒருவகை. சமூகத்தார் தாமே பேணிவரும் பொதிகள் மற்றொரு வகை. நிறுவனம் கைவிட்ட இயக்கியில் பாதுகாப்புக் குறை வெளிப்பட்டால் உட்பகுதியைத் திருத்த இயலாதாகையால், வெளியீட்டமைப்புகள் அத்தகைய பொதிகளைத் தம் பட்டியலிலிருந்து நீக்கிவிட முற்படும். ஃபெடோராவைப் பயன்படுத்துவோர்க்கு ‘ஆர்.பி.எம். ஃபியூஷன்’ என்னும் தன்னார்வக் களஞ்சியம் துணை நின்றது. கனடா நாட்டவரான ஜட் வினெட் என்பார் 2002இல் தொடங்கிய ஆர்ச் லினக்ஸில் இவ்வழக்கம் இன்னும் வேரூன்றியது. ‘ஆர்ச் பயனர் களஞ்சியம்’ என்பது அதன் பெயர். அங்கே வைக்கப்படுவது பெரும்பாலும் செய்முறைக் குறிப்பு மட்டுமே. மூல மென்பொருளை எங்கிருந்து எடுப்பது, எந்த ஒட்டை எவ்விடத்திற் போடுவது, எவ்வாறு கட்டி நிறுவுவது என அக்குறிப்பு கூறும். பயனர் அதனைப் பெற்றுத் தம் கணினியிலேயே கட்டிக்கொள்ளல் வேண்டும். பயன்படுத்துவதால் விளையும் கேட்டிற்குப் பயனரே பொறுப்பு என்றும், குறிப்பைப் படித்த பின்னரே கட்டவேண்டும் என்றும் ஆர்ச் அமைப்பு தெளிவாகவே எச்சரித்துள்ளது. எத்தனை பேர் படிக்கின்றனர் என்பது வேறு செய்தி.

அக்களஞ்சியத்தில் ஒரு பொதியின் உயிர் பெரும்பாலும் ஒருவரையோ இருவரையோ பொறுத்தது. அவர் தம் பழைய கணினியை விற்றுவிட்டுப் புதியது வாங்கினால், ஒட்டு சரியாக இயங்குகிறதா எனச் சோதித்துப் பார்க்க அவரிடம் அட்டையே இராது. வேலை மாறலாம், குடும்பப் பொறுப்பு கூடலாம், சலித்தும் போகலாம். அப்போது அவர் பொதியை விட்டு விலகுவார். விலகப்பட்ட பொதியை ‘அநாதை’ என்றே அங்கு வழங்குவர். விரும்பும் பிறர் அதனைத் ‘தத்து’ எடுத்துக்கொள்ளலாம். கருணை நிறைந்த சொற்கள்தாம். ஆனால் தத்தெடுக்க வருவோர் எல்லோரும் நல்லெண்ணத்தோடு வருவதில்லை. 2018ஆம் ஆண்டு ஜூலையில், கோப்புகளைப் படிக்க உதவும் ‘அக்ரோரீட்’ என்ற அநாதைப் பொதியைத் தத்தெடுத்த ஒருவர், கணினியின் விவரங்களைத் திரட்டும் தீய நிரலை அதனுள் வைத்துவிட்டார். சில மணி நேரத்திற்குள் அது கண்டு நீக்கப்பட்டது. 2025 ஜூலையில் உலாவிகளின் திருத்தப் பதிப்புகள் என்ற பெயரில் தீய பொதிகள் மூன்று ஏற்றப்பட்டு, ஓரிரு நாள்களில் அகற்றப்பட்டன. இவை இயக்கிப் பொதிகள் அல்ல என்பது உண்மை. ஆயினும் இயக்கி கணினியின் கருவகத்துக்குள்ளேயே சென்று அமர்வது; அங்கு ஒரு தீய கை நுழையுமாயின் விளைவு எத்தகையதாக இருக்கும் என்பதை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

ஓட்டினை உடைக்க இசைவில்லை எனில், வெளியிலிருந்து தட்டித் தட்டி உள்ளிருப்பதை அறிய முயன்றோரும் உண்டு. 2005ஆம் ஆண்டையொட்டித் தோன்றிய ‘நூவோ’ என்னும் திட்டம் அத்தகையது. பிரெஞ்சு மொழியில் ‘புதியது’ என்பது அச்சொல்லின் பொருள். என்விடியாவின் இயக்கி ஒரு சிறு உருவத்தை வரையும்போது, அட்டைக்கு என்னென்ன கட்டளைகள் செல்கின்றன என்பதைப் பதிவு செய்யும் கருவிகளை அத்திட்டத்தார் உருவாக்கினர். உலகின் பல பகுதிகளிலிருந்தும் பயனர்கள் தத்தம் அட்டைகளிற் பதிவெடுத்து அனுப்பினர். புரியாத கல்வெட்டின் படிகளை ஊரூராகத் திரட்டி எழுத்தெழுத்தாய் ஒப்புநோக்கும் தொல்லியலாரின் பொறுமை அப்பணியில் வேண்டியிருந்தது. 2010 பிப்ரவரியில் வெளியான 2.6.33ஆம் கருவகத்தில் நூவோ இடம்பெற்றது. அதாவது, வெளியே நின்ற விருந்தாளி வீட்டுக்குள் ஒருவராகிவிட்டார். அன்றுமுதல் கருவகம் மாறுந்தோறும் அவ்வியக்கியும் உடன் திருத்தப்பெற்று வந்தது. ஆனால் அதற்கும் ஒரு குறை நின்றது. என்விடியா அட்டைகள் பல, கணினி தொடங்குகையில் குறைந்த வேகத்திலேயே விழித்தெழும். அவ்வேகத்தை உயர்த்தும் முறையை நூவோவினால் எல்லா அட்டைகளுக்கும் கண்டறிய இயலவில்லை. 2014இல் வந்த 900 வரிசை அட்டைகளிலிருந்து நிலைமை இன்னும் இறுகிற்று. நிறுவனத்தின் கையொப்பமிட்ட உள்நிரல் இல்லாமல் அட்டை வேகம் கொள்ளாது; வேகத்தை ஆளும் உள்நிரலை நிறுவனம் வெளியே தரவில்லை. காலை உதைத்து எழ முயலும் குதிரைக்குக் கால்கட்டு இட்டாற்போன்ற நிலை அது.

இதனோடு ஒப்பிட்டு நோக்கத்தக்கது ஏ.டி.ஐ. அட்டைகளின் வரலாறு. அந்நிறுவனத்தை 2006இல் ஏ.எம்.டி. வாங்கியது, 2007ஆம் ஆண்டு செப்டம்பரில், அட்டைகளின் அமைப்பை விளக்கும் ஆவணங்களைத் திறமூல நிரலாளர்க்கு வழங்கப்போவதாக அறிவித்து, வழங்கவும் தொடங்கியது. 2009இல் தன் பழைய அட்டைகளுக்கு மூடிய இயக்கியை நிறுத்தியபோது, அவற்றை வைத்திருந்தோர்க்குப் போக்கிடம் ஒன்று இருந்தது. தொடக்கத்தில் வேகம் குறைவுதான், முணுமுணுப்பும் எழாமலில்லை. ஆயினும் திறந்த இயக்கி ஆண்டுதோறும் வளர்ந்தது. 2012இல் விற்பனைக்கு வந்த எச்.டி. 7000 வரிசை அட்டைகளைப் புதிய இயக்கிக்கு மாற்றும் பணியில், 2025ஆம் ஆண்டில் வால்வ் என்னும் விளையாட்டு நிறுவனத்தின் ஆதரவு பெற்ற நிரலாளர் ஈடுபட்டுச் சீர்செய்தார். அட்டையைச் செய்தவர் அல்லாத வேறொருவர், பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பின் அதனை மேம்படுத்த முடிந்தது.

திறந்திருந்தாற் போதும், எதுவும் சாகாது எனக் கருதிவிடலும் ஆகாது. 1990களில் புகழ்பெற்று விளங்கிய 3டி.எஃப்.எக்ஸ். நிறுவனத்தின் ‘வூடூ’ அட்டைகளுக்குத் திறந்த இயக்கி இருந்தது. நிறுவனத்தின் சொத்துகளை 2000ஆம் ஆண்டின் இறுதியில் என்விடியா வாங்க முன்வந்தது. இயக்கி மட்டும் கருவகத்தில் இரண்டு பத்தாண்டுகளுக்கு மேலாக இருந்துவந்தது. 2023இல் வெளியான 6.3ஆம் கருவகத்தில் அவ்வகைப் பழைய வரைகலை இயக்கிகள் பல ஒருசேர நீக்கப்பட்டன. அவற்றைச் சோதிக்கவும் பேணவும் ஆளில்லை. ஆனால் அதன் நிரலின் ஒவ்வொரு வரியும் பழைய பதிப்புகளில் படிக்கக் கிடைக்கிறது. வேண்டுவோர் எடுத்து உயிர்ப்பிக்கத் தடையேதுமில்லை.

2022 மே திங்களில் என்விடியா, தன் இயக்கியின் கருவகப் பகுதியை மூலநிரலாக வெளியிட்டது. ஸ்டால்மன் கேட்டு மறுக்கப்பட்டதற்கு நாற்பதாண்டுகள் கழிந்திருந்தன. வரவேற்கத்தக்க செயலே. எனினும் 2018இல் வெளிவந்த ‘டூரிங்’ தலைமுறைக்கும் அதற்குப் பிந்தியவற்றிற்கும் மட்டுமே அது பொருந்தும். ஆகவே 2014க்கும் 2018க்கும் இடையே வந்த அட்டைகள் இரண்டுங்கெட்டான் நிலையில் மாட்டிக்கொண்டன. முந்திய தலைமுறை சிலவற்றில் நூவோ வேகத்தை உயர்த்த வல்லது. பிந்திய தலைமுறைக்கு நிறுவனமே வழி திறந்துவிட்டது. இடைப்பட்டவற்றிற்கு மூடிய இயக்கியை விட்டால் வேறு கதியில்லை. ஜி.டி.எக்ஸ். 1060 போன்ற மிகப் பரவலாக விற்ற அட்டைகள் இவ்விடைக்காலத்தவையே. 2012ஆம் ஆண்டின் அட்டையைவிட 2016ஆம் ஆண்டின் அட்டைக்கு எதிர்காலம் குறுகியது என்பது விந்தையிலும் விந்தை.

2025ஆம் ஆண்டு டிசம்பரில் 590ஆம் கிளையில் அவ்வட்டைகளுக்கான ஆதரவு நீங்கிற்று. 580ஆம் கிளைக்குச் சில ஆண்டுகள் பாதுகாப்புத் திருத்தங்கள் தொடரும் என நிறுவனம் அறிவித்திருப்பினும், ஆர்ச் லினக்ஸ் தன் முதன்மைப் பொதிகளை 590க்கு மாற்றிவிட்டது. பழைய அட்டை உடையோர் 580ஆம் கிளையைப் பயனர் களஞ்சியத்திலிருந்து பெற்றுக்கொள்ளுமாறு அறிவிப்பும் வெளியிட்டது. அறிவிப்பைப் படியாமல் புதுப்பித்தோர் சிலர்க்கு, மறுமுறை கணினியைத் தொடங்கியபோது வரைகலைத் திரை எழவில்லை. படித்தவர்கள் பழைய பொதியை அகற்றி, புதிய குறிப்பை எடுத்துக் கட்டிக்கொண்டனர். டெல் நிறுவனத்தார் 2003இல் உருவாக்கிய ‘டி.கே.எம்.எஸ்.’ என்னும் கருவி, கருவகம் மாறுந்தோறும் இயக்கியின் மேலோட்டைத் தானே மீண்டும் கட்டிக்கொடுக்கிறது. கட்ட இயலாதவாறு கருவகம் மாறிவிடும் நாளில், எவரேனும் ஒருவர் ஒட்டு எழுதல் வேண்டும். அக்களஞ்சியத்தின் ஒவ்வொரு செய்முறைக் குறிப்பின் தலைப்பிலும் பராமரிப்பாளர் பெயரை எழுதும் வழக்கம் உண்டு. பொதி கைமாறியிருப்பின், முன்பு பேணியவர்களின் பெயர்கள் அதன்கீழ் வரிசையாக நிற்கும்.